பழைய இன்ஜினுக்கு ஆயில் அடிட்டிவ்: எது தீரும், எது தீராது

வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் மெக்கானிக் வாயிலிருந்து வரும் வார்த்தைகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். ஆயில் குடிக்குது. புகை தள்ளுது. டேப்பெட் சத்தம் வருது. இன்ஜினை இறக்கி வேலை பார்த்தால் வண்டி விலையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். அந்த நேரத்தில்தான் உதிரிபாகக் கடை அலமாரியில் இருக்கும் சில நூறு ரூபாய் ஆயில் அடிட்டிவ் டப்பா கண்ணில் படுகிறது. ஆயிலோடு கலந்து ஊற்றினால் புகை நிற்கும், சத்தம் அடங்கும், பிக்கப் திரும்பும் என்று அதன்மேல் எழுதியிருக்கிறது.

இதெல்லாம் சுத்த ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். "நான் ஊத்துனேன், நின்னுடுச்சு" என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேர் வண்டியிலும் இருந்த கோளாறு வேறு. இன்ஜினுக்குள் வயதால் வரும் கோளாறுகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: அழுக்கு சேர்வது, ரப்பர் இறுகுவது, உலோகம் தேய்வது. முதல் இரண்டிலும் ஆயிலில் கலக்கும் பொருளால் ஓரளவு வேலை செய்ய முடியும். மூன்றாவதில் முடியாது. தேய்ந்துபோன உலோகம் எந்தத் திரவத்தாலும் திரும்பி வராது. ஆகவே டப்பா நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், நம் வண்டியில் இருப்பது இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் டப்பாவின் விலையைவிடக் குறைவு.

முதலில், ஆயில் என்று நாம் வாங்குவதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சுமார் முக்கால் பங்கோ அதற்கு மேலோ அடிப்படை எண்ணெய், மீதி முழுக்க அடிட்டிவ் எனும் கலப்புப் பொருள்கள்தான். கரிப்படிவைக் கழுவுவதற்குக் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த டிடர்ஜென்ட். கழுவிய அழுக்கு திரண்டு அடியில் தங்காமல் மிதக்கவைக்க டிஸ்பர்சன்ட். சூட்டில் ஆயில் ரொம்பவும் நீர்த்துப்போகாமல் இருக்கப் பாலிமர். நுரையை அடக்கத் துளி சிலிகோன். இரும்போடு இரும்பு உரசும் இடங்களில் படலம் பிடிக்க, துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்டிடிபி என்ற சேர்மம். இது 1940களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் பியரிங் அரிக்காமல் இருக்கத்தான் சேர்த்தார்கள், தேய்மானத்தைத் தடுக்கும் குணம் பிறகுதான் தெரியவந்தது.

இவை எல்லாம் ஒற்றுமையாக இருப்பவை என்று நினைக்க வேண்டாம். உலோகப் பரப்பில் இடம்பிடிக்க டிடர்ஜென்டும் இசட்டிடிபியும் போட்டி போடும். ஒன்று கூடினால் மற்றதன் வேலை கெடும். அந்தச் சமநிலையைப் பிடிக்கத்தான் ஆயில் கம்பெனிகள் இன்ஜினை நாள்கணக்கில் ஓட்டிச் சோதிக்கின்றன. நாம் வெளியிலிருந்து ஊற்றுவது அந்தச் சோதனையில் இல்லாத பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோளாறாகப் பார்க்கலாம்.

புகையிலிருந்து தொடங்குவோம், பெரும்பாலானோர் டப்பா வாங்குவது அதற்காகத்தான். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. அதற்கும் இன்ஜின் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை, ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், இன்ஜெக்டர் பக்கம்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வரும் வெள்ளைப் புகை பெட்ரோல் வண்டியில் கூலன்ட் உள்ளே கசிவதைக் காட்டும். நீலம் கலந்த புகைதான் ஆயில் எரிவது. (ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவற்றில் ஆயில் எரிவது கோளாறல்ல, அமைப்பே அப்படி.)

நீலப் புகை எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபீரென்று வந்து, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வ் சீலைச் சந்தேகிக்க வேண்டும். மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் அதே பக்கம்தான். இழுத்து ஓட்டும்போதெல்லாம் வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களான பிஸ்டன் ரிங் பக்கம். வால்வ் சீல் என்பது வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் சிறிய ரப்பர் தொப்பி. பழைய மாருதி 800 போன்ற வண்டியில் இன்ஜினை இறக்காமலேயே, ஏன், சிலிண்டரின் மூடியான ஹெட்டைக்கூடக் கழற்றாமல், பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டு சீலை மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகள் உண்டு. சீல் செட்டின் விலையும் பெரிதல்ல. ரப்பர் லேசாக இறுகியிருந்தால் அடிட்டிவ் கொஞ்ச காலம் தாங்கும், வெடித்திருந்தால் தாங்காது. எப்படியிருந்தாலும் மாற்றுவதே சுலபமான இடத்தில் டப்பாவுக்குச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரிங் பக்கம் என்று தெரிந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். முதலில் அப்படியே அளந்து, பிறகு ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஆயில் விட்டதும் அழுத்தம் நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியே, ஏறாவிட்டால் வால்வ் வழியே. வால்வ் எரிந்து போயிருந்தால் எந்த அடிட்டிவும் உதவாது. ஹெட்டை இறக்கி கிரைண்டிங் செய்துதான் ஆகவேண்டும்.

ரிங் வழியே கசிகிறது என்றாலும் இன்னும் ஒரு பிரிவு பாக்கி. ரிங் தேய்ந்திருக்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இங்கேதான் அடிட்டிவுக்கு உண்மையான இடம் இருக்கிறது. பிஸ்டனில் கீழே இருக்கும் ஆயில் ரிங், சிலிண்டர் சுவரிலிருந்து வழித்த ஆயிலைச் சிறு துளைகள் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டிகளில் அந்தத் துளைகளில் கரி அடைத்து, ரிங் தன் காடியிலேயே இறுகிவிடும். உலோகம் நன்றாக இருக்கும், ஆனாலும் வண்டி ஆயில் குடிக்கும். 1990களின் கடைசியில் டொயோட்டா கரோலாவில் வந்த 1இசட்இசட்-எஃப்இ இன்ஜின் இதற்குப் பேர்போனது. அதன் முதல் சில ஆண்டுப் பிஸ்டன்களில் ஆயில் திரும்பும் துளைகள் போதவில்லை, அடைத்துக்கொண்டன. பின்னர் பிஸ்டனையே திருத்தினார்கள். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆயில் மட்டும் குறைகிறது என்றால் இந்த நோயைச் சந்தேகிக்கலாம். ஏனென்றால் கம்ப்ரஷனைப் பிடிப்பவை மேல் ரிங்குகள், கெட்டுப்போயிருப்பது கீழ் ரிங்.

இப்படிப்பட்ட வண்டியில் கரியைக் கரைக்கும் திரவத்தைப் பிளக் துளை வழியாக பிஸ்டன் தலையில் விட்டு ஊறவைப்பதும், நல்ல டிடர்ஜென்ட் உள்ள ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுவதும் பலன் தருவதுண்டு. ஊறவைத்த பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்ற வேண்டும், கரைந்த கரியும் திரவமும் கீழே ஆயில் தங்கும் தொட்டியான சம்பில்தான் போய்ச் சேரும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த கரி, ஒரு டப்பாவில் ஒரே வாரத்தில் போகாது. அவசரப்படுபவர்களுக்கு இந்த வழி ஏமாற்றம்தான் தரும்.

ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால் கதை வேறு. சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில், அதாவது சூடும் அழுத்தமும் அதிகமாக இருந்து ஆயில் குறைவாக இருக்கும் இடத்தில், அதிகம் தேயும். அதனால் துளை மேலே அகன்று, வட்டம் கெட்டு முட்டை வடிவத்துக்குப் போய்விடும். உலோகத் துகள் கலந்த அடிட்டிவ் கீறல்களை நிரப்பும் என்று விற்கிறார்கள். கீறலை நிரப்பினாலும் வட்டம் திரும்பாது. லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, அதாவது துளையைக் கடைந்து அகலமாக்கி, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதுதான் வழி. நம் ஊரில் அந்த வேலை இன்னும் கைக்கெட்டும் செலவில் நடக்கிறது என்பது பெரிய விஷயம். பல நாடுகளில் கூலிக்குப் பயந்தே வண்டியைக் கழித்துக்கட்டுகிறார்கள்.

எதற்கும் முன்னால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் பைப்பையும் பிசிவி வால்வையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அது அடைத்தால் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் எல்லாப் பக்கமும் தள்ளப்படும். சீல் வழியே கசியும், இன்டேக் வழியே எரியும். கழுவி மாட்டினாலே தீர்ந்துவிடுகிற இந்தக் கோளாறுக்கு எத்தனை பேர் ரிங் மாற்றியிருப்பார்களோ.

அடுத்தது கசிவு. பிஸ்டனால் சுழலும் தண்டான கிராங்கின் ஆயில் சீல்கள் பழைய வண்டிகளில் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து சுருங்கி இறுகும். எஸ்டர் வகைச் சேர்மங்கள் ரப்பருக்குள் ஊறி அதைக் கொஞ்சம் உப்பவைக்கும், மிருதுவாக்கும். இது நிஜமான விளைவு. 2000-ல் வால்வோலின் கம்பெனி, அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்றே மேக்ஸ்லைஃப் என்ற ஆயிலைக் கொண்டுவந்தபோது அதில் சேர்த்திருந்தவற்றில் இதுவும் ஒன்று. பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். வேர்க்கிற மாதிரி லேசான கசிவுக்கு இந்த வகை ஆயில் உதவும். தரையில் சொட்டும் கசிவுக்கும், கிழிந்த சீலுக்கும், டேப்பெட் கவரின் கார்க் பேக்கிங்குக்கும் உதவாது. "ஸ்டாப் லீக்" என்று தனியாக விற்பதை அளவுக்கு மீறி ஊற்றினால், உப்பிய ரப்பர் தளர்ந்து சீக்கிரமே கெட்டுப்போகும் அபாயமும் உண்டு.

ஆயில் பிரஷருக்கு வருவோம். மனிதர்கள் அதிகம் ஏமாறுவது இங்கே என்பேன். ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது. கெட்டியான அடிட்டிவ் ஒரு டப்பா ஊற்றியதும் அணைந்துவிடுகிறது. பார்த்தால் சரியான மாதிரிதான் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பியரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாக ஆயில் வெளியேறும் அளவு, அந்த இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். இடைவெளி கால் பங்கு அதிகமானாலே கசிவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இடைவெளி இரட்டிப்பானால் கசிவு எட்டு மடங்கு. கெட்டித்தன்மையோ நேர் விகிதத்தில்தான் எதிர்க்கும். ஆயில் டப்பாவில் நம்பர் போடும் எஸ்ஏஇ அளவுப்படி 100 டிகிரி சூட்டில் 40-ம் நம்பர் ஆயிலின் பாகுநிலை (கெட்டித்தன்மை) சென்டிஸ்டோக் அளவில் 12.5-லிருந்து 16.3-க்குள், 50-ம் நம்பரின் பாகுநிலை 16.3-லிருந்து 21.9-க்குள். 60-ம் நம்பர் வரை போனாலும் பொதுவாக இரண்டு மடங்கு ஆகாது. மும்மடியாக ஓடும் தேய்மானத்தை இதை வைத்துத் துரத்திப் பிடிக்க முடியாது.

கெட்டிப்படுத்தும் பாலிமர்களுக்கு இன்னொரு குறை உண்டு. இன்ஜினுக்குள் அரைபட்டு அறுந்து போவதால் விளைவு நாளாக நாளாகக் குறையும். அதற்குள் லைட் அணைந்த தைரியத்தில் வண்டியை நெடுஞ்சாலையில் விரட்டி, பியரிங் பிடித்துக்கொண்டால் கிராங்கும் சேர்ந்து போகும். ஆயில் லைட் எரிந்தால் முதலில் லெவல் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு கேஜை மாட்டி உண்மையான பிரஷரை அளக்க வேண்டும். சென்சார்தான் பழுது என்று தெரிந்தால் நிம்மதி. இல்லையென்றால் சம்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் இடத்தில் உள்ள வலையான ஸ்ட்ரெய்னரையும் பியரிங்கையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அந்தப் பெரிய வாக்குறுதிகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது, வழக்குகளின் வடிவில். எஸ்டிபி கம்பெனி தன் ஆயில் டிரீட்மென்ட் பற்றிய விளம்பரங்களுக்காக 1978-ல் 5 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. முந்தைய உத்தரவை மீறியதற்காக அந்தப் பெயரின் உரிமையாளர்கள் 1995-ல் மறுபடி 8,88,000 டாலர் கட்டினார்கள். ஸ்லிக் 50 என்ற அடிட்டிவ் மீது, விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996-ல் குற்றம் சாட்டியது: அதை ஊற்றாவிட்டால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் இன்ஜினுக்குப் பாதுகாப்பே இல்லை என்பதும், தேய்மானம் பாதியாகக் குறையும் என்பதும் ஆதாரமில்லாத பேச்சு என்றது. அடுத்த ஆண்டே சமரசம் ஆனது. டூரா லூப் என்ற இன்னொரு அடிட்டிவின் கம்பெனி 2000-ல் 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஸ்லிக் 50-ல் இருந்தது பிடிஎஃப்இ, அதாவது நான்ஸ்டிக் தவாவில் பூசும் அதே பொருள். கேட்டதும் நம்பத் தோன்றும். ஆனால் தவாவில் அதை ஒட்டவைக்க, பரப்பைச் சுரண்டித் தயார் செய்து, அந்தப் பொருள் உருகும் 327 டிகிரிக்கும் மேலே சூடாக்குகிறார்கள். ஆயிலில் மிதந்து வரும் துகள்கள் அப்படிப் போய் ஒட்டுவதற்கு இன்ஜினுக்குள் வழியில்லை, ஃபில்டர்தான் அவற்றை முதலில் சந்திக்கும். கடை வாசலில் சுழலும் இரும்பு வளையத்தின் மேல் பியரிங்கை அழுத்திக் காட்டுவார்களே, அந்தச் செய்முறையும் அப்படித்தான். மிகையழுத்தத்தில் உராயும் பொருளுக்கான சோதனை அது. குளோரின் சேர்ந்த பாரஃபின் அதில் பிரமாதமாக ஜெயிக்கும். அதே குளோரின், இன்ஜினுக்குள் எரிதலில் வரும் நீராவியோடு சேர்ந்தால் அமிலமாகி அரிக்கும்.

அதற்காக டப்பாவில் வருவதெல்லாம் பொய் என்றால் அதுவும் நியாயமில்லை. 1970களின் பிற்பகுதியில் செஸ்னா 172 விமானங்களில் வந்த லைக்கமிங் ஓ-320-எச்2ஏடி இன்ஜினில், வால்வைத் திறக்கும் பாகங்களான கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் சீக்கிரமே பெயர்ந்து போயின. அந்த இன்ஜினில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, லைக்கமிங் குறிப்பிட்ட பாஸ்பரஸ் அடிட்டிவைச் சேர்ப்பதை 1980-ல் அமெரிக்க விமானத் துறையே கட்டாயமாக்கியது. கோளாறு எங்கே என்று தெரியும், எந்த ரசாயனம் அங்கே வேலை செய்யும் என்று தெரியும், இன்ஜின் செய்தவரே பரிந்துரைக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் அடிட்டிவை நம்பலாம்.

பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும், பத்மினியின் இன்ஜினும், வார்ப்பிரும்பு புல்லட்டும் கேம் நேராகத் தேய்த்துப் போகும் தட்டை டேப்பெட் கொண்டவை. அந்த உரசலுக்கு இசட்டிடிபி முக்கியம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்தில் பாஸ்பரஸின் அளவை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள். உடனே பழைய வண்டிப் பிரியர்கள் துத்தநாக டப்பா தேட ஆரம்பித்தார்கள். அவர்கள் கவனிக்காமல் விடுவது, அந்த வரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான். இந்த வண்டிகளுக்கு நாம் ஊற்றும் 20டபிள்யூ-50-க்கு அது பொருந்தாது. சிஐ-4 தரத்தில் வரும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலுக்கும் அப்படி ஒரு வரம்பு இல்லை. சரியான ஆயிலைத் தேர்ந்தெடுத்தாலே போதும், தனி டப்பா தேவைப்படாது. அந்த வண்டிகளில் டேப்பெட் சத்தம் வந்தாலும் இடைவெளியைச் சரிசெய்வதே வைத்தியம். ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள வண்டிகளில் மட்டும்தான் அழுக்கு அடைத்துச் சத்தம் வரும், அதைத்தான் டிடர்ஜென்ட் தீர்க்கக்கூடும்.

ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் தகடு) கசிவுக்கு ரேடியேட்டரில் ஊற்றும் சீலன்ட் பற்றி ஒரே ஒரு தகவல் போதும். அவற்றில் பலவற்றின் மூலப்பொருள் சோடியம் சிலிக்கேட். 2009-ல் அமெரிக்க அரசு பழைய வண்டிகளை வாங்கிக் கழித்த திட்டத்தில், இன்ஜின் மறுபடி ஓடவே கூடாது என்பதற்காக ஆயிலை வடித்துவிட்டு டீலர்கள் ஊற்றியது இதே சோடியம் சிலிக்கேட் கரைசலைத்தான். சில நிமிடங்களில் இன்ஜின் இறுகிப்போகும். கேஸ்கட் கெட்ட வண்டியில் கூலன்ட் ஆயிலோடு கலக்கக்கூடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஐடிலிங்கில் ஓடவிட்டுக் கழுவும் பட்டறை வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த நேரம் முழுக்க பியரிங்கில் இருப்பது தண்ணீர் மாதிரிப் படலம். அதைவிட மோசம், பல வருடச் சகதி ஒரே நேரத்தில் பெயர்ந்து ஸ்ட்ரெய்னரில் போய் அடைப்பது. கழுவிய மறுநாள் இன்ஜின் பிடித்துக்கொண்டதாகக் கேள்விப்படும் கதைகளின் பின்னால் அநேகமாக இதுதான் இருக்கும். சகதி நிறைந்த வண்டிக்கு சம்பை இறக்கிக் கையால் துடைப்பது நல்லது.

நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் இருசக்கர வண்டி என்பதால் இது மிக முக்கியம்: பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் பிளேட்டுக்கு உராய்வு வேண்டும். உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் போன்றவை கலந்த கார் அடிட்டிவை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும், ஆயிலை மாற்றினாலும் உடனே சரியாகாமல் போகலாம். பைக் ஆயில் டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற ஜப்பானியத் தரக் குறியைப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். பழைய வார்ப்பிரும்பு புல்லட் இதற்கு விதிவிலக்கு, அதில் கிளட்ச் தனி அறையில், தனி ஆயிலில் ஓடுகிறது. ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலைத் தொடுவதே இல்லை.

கடைசியாக, பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு. கெட்டிப்படுத்தும் டப்பா அதிகம் பயன்படுவது ரிப்பேருக்கு அல்ல, விற்பனைக்கு. புகையும் சத்தமும் சில வாரம் அடங்கியிருந்தால் விற்பவருக்குப் போதும். வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் தேன் பாகு மாதிரி நூல் விட்டால் ஏதோ கலந்திருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்து உள்ளே சகதி இருக்கிறதா பாருங்கள். முடிந்தால், உங்கள் செலவில் ஆயிலை மாற்றி, கம்பெனி சொன்ன நம்பர் ஆயிலை ஊற்றி, நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிப் பார்த்து, கம்ப்ரஷனும் அளந்த பிறகு விலை பேசுகிறேன் என்று கேளுங்கள். அந்த ஆயில் செலவுக்கு நீங்கள் தயாராக இருந்தும் விற்பவர் மறுத்தால், வேறு வண்டி பார்க்கலாம்.